வெள்ளிக்கிழமை அளந்த தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். கடலுக்கு இக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரி ஏறித் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் போவேன். எங்கள் நிறுவனத்தில் களத்துக்குப் போகும் ஒரே பெண் நான்தான். என் வேலையில் ஒருவரும் குறை கண்டுபிடிக்கக் கூடாது என்ற வீம்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அங்கே கடலை நோக்கிப் போகும் ஒரு சாலையில் மூன்று இடங்கள் அடுத்தடுத்து இருந்தன. கடல் பக்கம் பெட்ரோல் நிலையம், நடுவில் நாசி கண்டார் கடை, அதைத் தாண்டி மோட்டார் சைக்கிள் பட்டறை. சாப்பாட்டுக் கடையின் பின்னால் ஒரு பழைய கிணறு. தட்டு கழுவுவதும் தரை கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான். திடீரென்று அதில் பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்தது. தங்கள் நிலத்தடித் தொட்டியில் கசிவே இல்லை என்று நிலையத்தார் சாதித்தார்கள். அதை நிரூபிக்க எங்களை அழைத்ததும் அவர்கள்தான்.

நிலையம் இல்லையென்றால், சந்தேகப்பட மீதி இருந்தவர் பட்டறை அண்ணன். இஞ்சின் பாகங்களைப் பெட்ரோலில் கழுவுகிறவர். பட்டறைத் தரையெல்லாம் கறுப்பு எண்ணெய். எங்கள் அறிக்கை அவரைக் கைகாட்டினால் மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டட முதலாளி சொல்லிவிட்டார். பதினெட்டு வருடமாக அவருக்குச் சோறு போட்ட இடம் அது.

"கழுவுறது உண்மைதான் தங்கச்சி. ஆனா கழுவுனத டின்ல புடிச்சு வச்சிருவேன். கீழ ஊத்துனதே இல்ல," என்றார் அவர். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று இடங்களிலும் துளையிட்டுக் குழாய் இறக்கினோம். எந்தக் குழாயில் தண்ணீர் மட்டம் உயரம், எதில் தாழ்வு என்று பார்த்தால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அளந்தவள் நான். நடுவே மேசைகளும் கூட்டமும் இருந்தால் வேலை ஓடாது என்று, கடை சாத்தியிருந்த வெள்ளிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கணக்கு சுத்தமாக வந்தது: தண்ணீர் பட்டறையிலிருந்து கடலைப் பார்த்துப் போகிறது. அப்படியென்றால் நிலையத்து எண்ணெய் எதிர்த்து ஏறிக் கிணற்றுக்கு வர வழியே இல்லை. பட்டறைதான் காரணம் என்று அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்தோம்.

மறு திங்கட்கிழமை அந்தக் கடையிலேயே மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். பின்னால் பம்பு காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஓடும் என்று கடைக்காரரிடம் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"காலையில அஞ்சு மணிக்குப் போட்டா ராத்திரி வரைக்கும் ஓடும்லா. வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகை முடிஞ்சுதான் கடை தொறப்போம்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். வாரம் முழுக்க அந்தப் பம்பு சுற்றுப்புறத்துத் தண்ணீரையெல்லாம் கிணற்றுக்கு இழுக்கிறது. அது ஓயும் ஒரே காலையில் போய் நான் அளந்திருக்கிறேன். நிலத்தடி நீர் இயற்கையாக எப்படி ஓடுமோ அதைத்தான் கண்டேன். பம்பு ஓடும்போது அது எங்கே போகிறது என்று பார்க்கவே இல்லை. ஒரு மனிதரை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேனே என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

கையைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். எங்கள் இஞ்சினியர் யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர், நாள் முழுக்கப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். தப்பு என்னுடையது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு, அளக்கும் நாடாவை எடுத்து வரச் சொன்னார்.

பம்பு ஓடும்போதே அளந்தோம். கிணற்றின் மட்டம் ஒரு கை நீளத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. நிலையத்துப் பக்கக் குழாயில் மட்டம் அதைவிட உயரம். அங்கிருந்தும் தண்ணீர் கிணற்றுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு துளை போட்டோம். பட்டறை முற்றத்தில் மேலே ஒரு சாண் கறுப்பு, அதன் கீழே தண்ணீர் வரைக்கும் சுத்தமான மஞ்சள் மணல்; எண்ணெய் கீழே இறங்கவே இல்லை. நிலையத்துக்கும் கடைக்கும் நடுவில் மேல்மண் நன்றாக இருந்தது. தண்ணீரை எட்டும் ஆழத்தில் மண் சாம்பல் நிறமாக வந்தது. பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வாழ்க்கையில் ஒரு துர்நாற்றத்துக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதன்பின் நிலையத்தாரால் மறுக்க முடியவில்லை. கிரேன் கொண்டுவந்து தொட்டியைத் தூக்கினார்கள். அடிவயிற்றில் துரு தின்ற ஓட்டை, கட்டைவிரல் நுழையும். இஞ்சினியர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலை," என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். எனக்கு அதுவே மாலை போட்ட மாதிரி இருந்தது.

புதிய அறிக்கையோடு நானே பட்டறைக்குப் போனேன். கட்டட முதலாளியும் கடைக்காரரும் வந்து நின்றார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால், என்ன எழுதியிருக்கிறது என்று பட்டறை அண்ணன் கேட்டார். முடிவுரையைத் தமிழில் படித்துச் சொன்னேன்: இந்தப் பட்டறையிலிருந்து கிணற்றுக்கு எண்ணெய் போகவில்லை, முதலில் எடுத்த முடிவு எங்கள் அளவைப் பிழை.

அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ படிங்க தங்கச்சி. கொஞ்சம் சத்தமா."

என் பிழையையும் சேர்த்து, ரோட்டுக்கே கேட்கும்படி படித்தேன்.