வாசலுக்குள் அடங்காத செற்றி

நோர்வேயின் வடக்கில் நான் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் யன்னல்களுக்குத் திரை போடுகிற வழக்கம் இல்லை. மாரியில் மத்தியானமே இருட்டிவிடும். அப்போது யன்னலுக்கு யன்னல் விளக்கை வைத்துவிட்டு, தெருவில் போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி வீட்டுக்காரர் மெத்தை போட்ட நீளச் செற்றியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். விமானச் சத்தம் கேட்டால் ஜாம் போத்தல் விளக்கையும் ஊதி அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய எனக்கு, வந்த புதிதில் அந்த யன்னல்களைப் பார்க்கவே நெஞ்சு பதறும். இப்போது பதற்றம் குறைந்து பொறாமை வந்திருக்கிறது.

எங்கள் யன்னலால் பார்த்தால் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் நிலத்தில் ஒரு தொலைபேசியும்தான் தெரியும். என் கணவர் எனக்குப் பல வருடம் முந்தி வந்தவர், மீன் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்கிறவர்களைக் கோப்பி குடிக்கக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது, ஒரு செற்றி வாங்குவோம் என்று நான் வந்து இறங்கிய நாளில் இருந்து அவர் நச்சரிப்பு. தம்பி கடைசியாகத் தொலைபேசி எடுத்தபோது அவனிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா இல்லை. தம்பியும் அப்பாவும் ஊரை விட்டு இடம்பெயர்ந்து அக்கராயனில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். பாரிசவாதத்தில் விழுந்த அப்பா தானாக எழும்பமாட்டார். வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தால்தான் தம்பிக்குத் தொலைபேசி. அந்தப் பக்கம் திரும்பவும் சண்டை என்று செய்தியில் கேட்ட நாளில் இருந்து அவனுடைய சத்தம் இல்லை. அப்பாவை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டானா இல்லையா என்று தெரியாமல் நான் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தேன். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒரு சனிக்கிழமை இவர் என்னைப் பழைய சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

முந்தி வள்ளங்கள் நிறுத்திய கொட்டிலாம் அந்தக் கடை. பழங்காலச் செற்றிகள் வரிசையாக நின்றன. கடைக்காரக் கிழவர் ஒவ்வொன்றையும் தடவித் தடவிக் கதை சொன்னார். ‘டொட்ஸ்பூ’ என்ற சொல் அடிக்கடி வந்தது. செத்த வீட்டுச் சாமான் என்று இவர் மொழிபெயர்த்தார். அது இங்கே பெருமையாம். இவருக்குப் பிடித்தது தோல் போட்ட ஒரு குண்டுச் செற்றி, உட்கார்ந்தால் ஆள் புதைந்துபோகும். நான் எதிலும் உட்காரவில்லை. ஒவ்வொன்றாகப் போய்க் குனிந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன்.

“என்னப்பா செய்யிறீர்?”

“பாரம் பாக்கிறன்.”

கடைக்காரர் ஓடிவந்து ஏதோ சொன்னார். “தாங்களே கொண்டுவந்து இறக்குவினமாம். நீர் தூக்கத் தேவையில்லையாம்,” என்றார் இவர்.

“கொண்டுவருவினம், சரி. வெளிக்கிடேக்கை ஆர் தூக்கிறது?”

“இஞ்சை இருந்து எங்கையப்பா வெளிக்கிடுறது?”

எங்கள் ஊர் உருத்திரபுரத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அங்கே எங்கள் வீட்டிலும் ஒரு செற்றி இருந்தது. வெள்ளைக்காரர் காலத்து முதிரை மரம், பிரம்புப் பின்னல், முன்னுக்கு நீண்டு வளைந்த இரண்டு கைகள். இரணைமடுவில் இருந்து மாற்றலாகிப் போன ஒரு பொறியியலாளரிடம் அப்பா வாங்கியது. வீடு கட்டும்போது வாசலுக்கு நிலை வைக்க முந்தியே அதை உள்ளே இறக்கிவிட்டார், அவ்வளவு அவசரம். அதில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் வயலில் வேலை செய்த ராமையா அண்ணை மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர். எத்தனையோ வருடம் அந்த வீட்டுக்கு வந்து போனவர், ஒருநாளும் அதில் இருந்ததில்லை. வாசற்படிதான் அவருடைய இடம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பாரிசவாதம் வந்தபிறகு அப்பாவுக்கு அந்தச் செற்றியே படுக்கை.

ஷெல் ஊருக்குள் விழத் தொடங்கிய காலையில், உழவு இயந்திரம் தேடிப் போன தம்பி அது கிடைக்காமல் ராமையா அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தான். துணியில் போட்டுத் தூக்கினால் அப்பாவுக்கு மூச்சு முட்டும். அதனால் செற்றியோடு தூக்கினார்கள். வாசலில் கைகள் இடித்தன. அப்பாவைப் பாயில் இறக்கிவிட்டு, செற்றியை நிமிர்த்திப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள், நிலைக்குள் அது அடங்கவில்லை. அடுத்த ஷெல் கோயிலடியில் விழுந்தது. தம்பி கோடாலியை எடுத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

“வெட்டடா,” என்றார் அப்பா. குழறிய பேச்சு, ஆனால் விளங்கியது.

முதிரை சும்மா வெட்டுப்படுகிற மரமா? கோடாலி தெறித்துத் தெறித்து வந்தது. நான் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கெதியாய் வெட்டு, கெதியாய் வெட்டு என்று தம்பியை ஏசினேன். இரண்டு கையும் விழுந்தபிறகுதான் செற்றி வெளியே வந்தது. தலைப்பக்கம் ராமையா அண்ணை, கால்பக்கம் தம்பி. அக்கராயன் பாதையில் ஒரு மர நிழலில் இறக்கியபோது, அப்பா தன் கால்மாட்டைக் கண்ணால் காட்டி, “இரு, ராமையா,” என்றார்.

“வேணாங்கய்யா, பிரம்பு தாங்காது,” என்று சொல்லிவிட்டு அவர் மண்ணிலேயே குந்திக்கொண்டார்.

கடையில் நான் கடைசியாகப் பிடித்தது மெல்லிய மரச்சட்டம் போட்ட ஒரு பழைய செற்றி. இவரும் அப்பாவும் ஒரே உயரம். இவரை அதில் நீட்டி நிமிர்ந்து படுக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு படுத்தார். மற்ற முனையைப் பிடிக்கும்படி கடைக்காரருக்குச் சைகை காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. படுக்கத்தான் தேவை என்றால் கட்டில் மலிவாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினார். வீட்டு வாசலை அளந்துவிட்டு வருவோம் என்று இவரிடம் சொன்னேன். “இஞ்சை வாசல் எல்லாம் பெரிசு, வாரும்,” என்று சொல்லிக்கொண்டே அதற்குக் காசைக் கட்டினார். கடையை விட்டு வெளியேறினால் போதும் என்று இருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போனபிறகு இரண்டு பேர் செற்றியைக் கொண்டுவந்தார்கள். நான் பனிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி உள்ளே போனதும் அதன் கைகள் வாசலில் இறுகிவிட்டன. ஒருவர் உள்ளே இழுக்கிறார், மற்றவர் வெளியே இருந்து தள்ளுகிறார், அது அசையவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே தொலைபேசி அடித்தது. அடித்து நின்றுவிட்டால் போச்சு. தம்பி இன்னொரு தரம் வவுனியாவுக்கு எப்போது வருவானோ யாருக்குத் தெரியும். நான் சப்பாத்துக் காலோடு செற்றியில் ஏறி, முழங்காலில் தவழ்ந்து, அந்தப் பக்கம் குதித்தேன்.

“அக்கா, நான்தான், வவுனியாவிலை நிண்டு எடுக்கிறன். அப்பா சுகமாய் இருக்கிறார். மல்லாவிக்கு வந்திட்டம்.”

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். “செற்றியிலையோ கொண்டந்தனீங்கள்?”

“இல்லை அக்கா. ராமையா அண்ணை முந்தியே செட்டிகுளத்துக்குப் போயிட்டார். மற்றப் பக்கம் பிடிக்க ஆளில்லை. அப்பாவை நான் முதுகிலை போட்டுக்கொண்டு வந்தனான். செற்றி அங்கையே நிக்குது.”

“இப்ப எதிலையடா படுக்கிறார்?”

“நிலத்திலை, பாய் போட்டு. நீங்கள் செற்றி வாங்கப் போறதை அப்பாட்டைச் சொன்னனான். அக்காவைக் கை இல்லாததாய்ப் பாத்து வாங்கச் சொல்லட்டாம். சொல்லிப்போட்டு ஒரே சிரிப்பு.”

அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செற்றி அடங்கவில்லை என்றுதான் அழுகிறேன் என்று உள்ளே நின்றவர் நினைத்துக்கொண்டார். “இங்கென் ப்ரொப்ளேம்,” என்றார், ஒரு பிரச்சினையும் இல்லையாம். கதவைப் பிணைச்சலில் இருந்து மேலே தூக்கிக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, செற்றியை மெல்லச் சரித்து உள்ளே எடுத்தார்கள். ஒரு கீறலும் விழவில்லை. கதவைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். இப்படியும் செய்யலாம் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த முதிரை அடங்கியிருக்காது.

இவருடைய ஆட்கள் வந்து கோப்பி குடித்துச் செற்றியைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் இருப்பதென்றால் அதன் ஒரு ஓரத்தில்தான் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய நீளம் வெறுமையாகக் கிடக்கிறது. “நடுவிலை வசதியாய் இருமன்,” என்கிறார் இவர். என்னால் முடியவில்லை.