வாராவாரம் நூல் மாற்றப் போனவர்

என் வீட்டுக்காரர் தறியில் உட்காராமல் இருக்கச் சாக்குச் சொல்ல ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. தன் லுங்கியைத் தானே துவைத்தார். வியாழக்கிழமை தவறாமல் வேலூர் பஸ் ஏறினார்.

"எங்க போறீங்க?"

"நூல் மாத்தத்தான்."

ஆரணியில் நெசவாளி பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்யா இது? பட்டு நூலை முதலாளியே வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். அதை மாற்றித் தர வேலூரில் எவள் இருக்கிறாள்?

ஒரு வியாழன் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். கண்ணமங்கலத்தில் பாதி சீட் காலியாகியும் அவர் முன்னால் நின்றபடியே வந்தார். அவளைப் பார்க்க அவ்வளவு அவசரமா என்று பல்லைக் கடித்தேன்.

அவர் நுழைந்தது ஒரு சித்த மருத்துவமனை. "நூல் மாத்தறவங்க வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். எழுந்த என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார்.

டாக்டரம்மாதான் சொன்னார்: "மூலம் இல்லம்மா, பவுத்திரம். ஆசனவாய் பக்கத்துல சீழ் கட்டி, உள்ளேர்ந்து வெளிய வழி விழுந்துடுச்சு. சிலருக்கு ஆபரேஷன்ல வெட்டித் திறந்துடலாம். இவருக்கு அது தசைக்குள்ள போவுது. ஒரேயடியா வெட்டினா மலத்தை அடக்க முடியாம போயிடலாம். அதான் மருந்து நூல் கட்டியிருக்கோம். கொஞ்சம் கொஞ்சமா அறுத்து ஆத்திகினே வரும். வாராவாரம் பழைய நூல் முனையில புதுசைக் கட்டி உள்ள இழுத்துடுவோம்."

தறியில் பழைய பாவு நூலின் முனையில் புதுப் பாவு நூலை இழை இழையாக முடிச்சுப் போட்டு இணைப்பது வீட்டில் என் வேலை.

"ஏங்க சொல்லல?"

"வாராவாரம் சொல்லிகினுதானே போனேன். எந்த எடத்துலன்னு எப்படிச் சொல்றது?"

திரும்பும்போதும் பஸ்ஸில் சீட் காலியாகவே இருந்தது. ஆரணி வரை நானும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன்.