இடது பக்கம்

ஜெயமங்கலம் திருவிழாவில் யாருடைய குழாய் ஸ்பீக்கர் அதிகம் அலறுகிறது என்று இரண்டு ரேடியோ செட்காரர்கள் அடித்துக்கொண்டபோது, விலக்கப் போன சண்முகராஜின் இடது காதில் இரும்புக் கம்பி இறங்கியது. ரத்தம் நின்றது; அந்தக் காது அப்புறம் கேட்கவில்லை. தேனியில் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்கிற கடையில் அவனுக்கு வேலை. அங்கே அவன் காதுக்குத்தான் சம்பளம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

மறுமாதம் போடி ஏலக்காய் வியாபாரி தங்கபாண்டி, சிங்கப்பூரிலிருந்து வந்த இரண்டு ஹெட்போன்களோடு வந்தார். ஒன்று அவருக்கு, மற்றது மச்சானுக்கு.

"எதுடா ஒசத்தி?"

சண்முகராஜ் இரண்டையும் மாட்டிப் பார்த்தான். முதலாவது இடது காதுத் தழும்பை நெரித்தது. இரண்டாவதன் மெத்தை பஞ்சாகப் பொருந்தியது. வலது காதில் கேசட்டின் தவில் தெளிவாக விழுந்தது.

"இதுதாண்ணே. ரெண்டு பக்கமும் கணீர்னு இருக்கு."

மறுநாளே தங்கபாண்டி அந்த ஹெட்போனோடு திரும்பி வந்தார்.

"ஏலே, எடப்பக்கம் செத்துக் கெடக்கு! நல்லத மச்சானுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். எனக்கே காது குத்துறியா?"

அறை வலது காதில் விழுந்தது. மேசை விளிம்பில் தலை மோதி, வாயில் ரத்தம் கரித்தது.

சண்முகராஜ் எழுந்து, அதே ஹெட்போனை ஓடிக்கொண்டிருந்த டேப்பில் செருகி மாட்டினான். கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினான். கேசட்டின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. எதிரே தங்கபாண்டியின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.