முள் எடுத்த கண்

கண்ணாடி இல்லாமல் எனக்கொரு முகம் இருக்கிறது என்பதே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. வேலூரில் லேசர் வைத்துக் கண்ணைச் சரிசெய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு போளூர் வந்து, அங்கிருந்து மலைப் பேருந்தில் ஜமுனாமரத்தூருக்கு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் மரங்கள் தனித்தனியாக நின்றன. இத்தனை இலைகளா என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம். காலையில் கை தானாகத் தலையணைக்கடியில் கண்ணாடியைத் தேடும். இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிடுவேன். மதியம் பளிச்சென்று தெரிந்த மலை சாயங்காலம் மங்கிவிடும். விளக்கைச் சுற்றி வளையம் சுழலும். சொட்டு மருந்து விட்டால் சிறிது நேரம் எல்லாம் சரி, பிறகு பழையபடி. நன்றாகிறதா, கெடுகிறதா? பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா ஆயிடப் போவுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் சொல்ல வந்தவர்தான்.

என் வீட்டுக்காரர் அதுகூடச் சொல்லவில்லை. புகை ஆகாதென்று என்னை அடுப்புப் பக்கம் விடாமல் அவரே சாமைக் கஞ்சி காய்ச்சினார். தூசி பறக்குமென்று புளி தட்டும் வேலையைக் கொல்லைக்கு மாற்றினார். கஞ்சியில் உப்பே இல்லை என்றேன்.

"கண்ணுக்கு உப்பு ஆவாதுன்னு சொன்னாங்க."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. போட மறந்துவிட்டார்.

ஒருநாள் போனில் வந்த செய்தி ஒன்றைப் படிக்கப் போனேன். எழுத்தெல்லாம் கலங்கியது. முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே கொண்டுபோனால் எறும்பின் கால்கூடத் தெரியும். அந்தக் கண்ணுக்குத்தான் வீட்டில் மதிப்பு. மலையில் முள் குத்தாத கால் ஏது? வீட்டுக்காரர் காலை என் மடியில் வைப்பார். நான் கண்ணாடியைக் கழற்றி, மூச்சு படுகிற அளவுக்குக் குனிந்து, ஊக்கு முனையால் முள்ளை எடுத்துவிடுவேன். எங்களுக்குள் கொஞ்சல் என்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டேனோ?

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "நாப்பதுக்கு மேல கிட்டத்துல பாக்கக் கண்ணாடி வேணும்னு முன்னாடியே சொன்னோமேம்மா" என்றது ஒரு பெண் குரல். சொன்னார்கள்தான். படிக்கும்போது போட்டுக்கொண்டால் போகிறது என்று தலையாட்டியிருந்தேன். முள் என் நினைவுக்கே வரவில்லை.

அன்று சாயங்காலம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தூரத்துச் சரிவில் அவர் இறங்கி வருவது தெரிந்தது. வலது காலை ஊன்றாமல் வந்தார். வீடு நெருங்கியதும் நேராக நடந்தார்.

"இன்னாங்க கால்ல?"

"ஒண்ணுமில்ல."

"மேட்டுல வரும்போதே பாத்துட்டேன். உக்காருங்க."

காலை மடியில் வாங்கிக்கொண்டேன். குனியக் குனிய உள்ளங்கால் கலங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி வைங்க. இன்னும் தள்ளி."

"இதுக்கு மேல தள்ளணும்னா நான் போளூர்லதான் போய் உக்காரணும்."

காலை முழங்கால் மேல் மாற்றிவைத்து, முதுகைச் சுவரில் சாய்த்துக் கையை நீட்டியபோது முள்ளின் கறுப்புப் புள்ளி ஒருவழியாகக் கண்ணில் நின்றது. ஊக்கை வைத்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்கல."

எப்போதும் கேட்கிற கேள்வி, எப்போதும் வருகிற பதில். முள் எடுக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. கண்ணாடி கழற்றிய கண்ணுக்கு அது வெறும் மங்கல். இப்போது உள்ளங்காலுக்குப் பின்னால் அது தெளிவாகத் தெரிந்தது. கண்ணை இறுக்கி மூடி, தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முள் வந்துவிட்டது. அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். நான் கேட்காமலே மறுபடி சொன்னார்.

"வலிக்கவே இல்ல."