ஏரியில் கிடந்தவரின் போட்டோ

தொண்ணூறுகளில் உத்திரமேரூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும். எங்காவது அடையாளம் தெரியாத பிணம் கிடந்தாலும் ஸ்டேஷனிலிருந்து என்னைத்தான் வந்து கூட்டிப்போவார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

ஓர் ஐப்பசி மாதத்தில் ஊருக்கு மேற்கே இருந்த ஏரியில் ஒருவர் செத்துக் கிடந்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு இறுக்கிய தடம். சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட்கூட இல்லை. கரையில் போட்டிருந்தவரை நாலு கோணத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன். அவரைக் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது முகம் முழுக்க ஏரிச் சேறு. இப்படியே கொடுத்தால் பெற்றவளுக்கும் அடையாளம் தெரியாது என்று தோன்றியது. நெகட்டிவில் பென்சிலால் மெல்லத் தடவினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். மணப்பெண்களின் பருவையெல்லாம் அப்படித்தான் மறைப்பேன். அன்றைக்கும் உட்கார்ந்து, முகத்தில் கறுப்பாக இருந்ததையெல்லாம் தடவி எடுத்தேன். படம் நன்றாக வந்தது. ஸ்டேஷனுக்குக் கொடுத்ததுபோக ஒரு பிரதியை மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். வைத்திருக்கக் கூடாதுதான்.

அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள், படம் எடுத்து முடிந்ததும் எழுந்திருக்க மாட்டார்கள். “அந்தப் படம் உன்னாண்ட கீதாமே” என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். நானும் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு டிராயரைத் திறப்பேன். பொம்பளை விவகாரம் என்றார் எதிர்க்கடை டீ மாஸ்டர். உயர்நிலைப்பள்ளி வாத்தியார் ஒருவர் சாயங்காலம் தவறாமல் வந்து, கயிற்றுத் தடத்தின் சாய்வை வைத்துக் கொன்றவன் இடதுகைக்காரன் என்று நிரூபித்தார். அன்றிலிருந்து டீக்கடையில் இடது கையால் கிளாஸை எடுக்க எல்லாருக்கும் பயம். நானும் லேசுப்பட்டவன் இல்லை. நகம் சுத்தமாக இருந்தது, உழைக்கிற கை இல்லை என்று ஒருநாள் சும்மா அடித்துவிட்டேன். மறுவாரம் செத்தவர் காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஆகிவிட்டார்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு வாரம் கழிந்து ஒரு முற்பகல் ஒரு பெண் வந்தார். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். நடவு வேலைக்குப் போகிறவர். செங்கல் சூளை வேலைக்கென்று போன தம்பி தீபாவளிக்கும் வரவில்லை, சூளையில் கேட்டால் கணக்கை முடித்துக்கொண்டு எப்போதோ கிளம்பிவிட்டான் என்கிறார்களாம். பஸ் ஸ்டாண்டில் போலீஸ் ஒட்டிய நோட்டீஸ் மழையில் ஊறிப்போய் முகம் தெரியவில்லை, படம் என்னிடம் இருப்பதாக டீக்கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டிராயரைத் திறந்து கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஆறு வாரமாக ஊரே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு என் கடை வாசலில் பதில் வரப்போகிறது.

“மூஞ்சி அவன் மாரிதான் கீது. ஆனா எந்தம்பிக்கு மூக்காண்ட பெரிய மச்சம் இருக்கும்ணா. இவனுக்கு இல்ல. இது அவன் இல்ல.”

சொல்லும்போதே அழுதார். கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. மூக்கின் ஓரத்தில் சேறு ஒட்டியிருந்ததும், அது எளிதில் மறையாமல் இரண்டு மூன்று தடவை பென்சிலை ஓட்டியதும் ஞாபகம் வந்துவிட்டது.

கடைக்கதவைச் சாத்தினேன். சும்மா இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்தப் பெண்ணும் நிம்மதியாகப் போயிருக்கிறார். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் என்னை உந்தியது இரக்கம் இல்லை, அது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நெகட்டிவிலிருந்த பென்சிலைத் துடைத்தேன். திரும்பவும் பிரிண்ட் போட்டேன். தட்டிலிருந்த மருந்தில் முகம் மெல்ல எழும்பி வந்தது. சேறு திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. மூக்கின் ஓரத்தில் இருந்தது மட்டும் சேறு இல்லை. உருண்டையாக, விளிம்பு தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். படத்தைக் கொடுத்து, தப்பு என்னுடையதுதான், மச்சத்தைச் சேறு என்று நினைத்து மறைத்துவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கட்டை விரலை அந்த மச்சத்தின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

யார் செய்தது என்று அடுத்துக் கேட்பார், என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். வாத்தியார் சொன்னது, டீ மாஸ்டர் சொன்னது என்று என்னிடம் ஏழெட்டு பதில்கள் இருந்தன.

“அவன எங்க பொதச்சாங்கண்ணா?” என்று கேட்டார்.

ஆறு வாரத்தில் என் கடைக்கு வந்த ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.