லினக்ஸ் திரையும் காலாண்டுத் தேர்வும்

திரையில் எழுத்துகள் பூசணிக்காய் அளவில் தெரிந்தால் மானிட்டர் கெட்டுவிட்டது என்று பெருங்களத்தூர் முதல் மறைமலை நகர் வரை ஒரு நம்பிக்கை உண்டு. அந்த வட்டாரத்தில் கடை கடையாகப் போய் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தந்தவன் என்ற தகுதியில் அதை முறைப்படி மறுக்கிறேன். மானிட்டர் குற்றமற்றது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன்தான் குற்றவாளி, அதாவது நான். இதே தொழிலில் தலைமுடி இழந்த தோழர்களே, உங்களுக்குப் புரியும்.

கீழே இருக்கும் பட்டன்

பெருங்களத்தூரில் டைப்பிங் கடை வைத்திருந்த செல்வி அக்கா, என் பேச்சை நம்பி லினக்ஸுக்கு மாறினார். அதே வாரம் ஒரு பள்ளியின் காலாண்டு வினாத்தாள் வேலை முதல் முறையாக அவருக்குக் கிடைத்தது. ஒழுங்காகச் செய்தால் அரையாண்டும் அவருக்கே. ஆனால் அவருடைய புது அகலத் திரை 640-க்கு 480 புள்ளிகள் என்ற பழைய அளவிலேயே உறைந்து நின்றது. அதை மாற்றுவதற்கான ஜன்னல் திரையைவிட உயரம். ஓகே பட்டன் திரைக்குக் கீழே எங்கோ இருந்தது. "பட்டன் கீழேதான் இருக்கு, ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டு ஜன்னலை மேலே இழுங்க" என்று போனில் சொன்னேன்.

"கீழன்னா, டேபிளுக்கு அடியிலயா தம்பி?"

சந்தனம்

நேரில் போனேன். மானிட்டரின் மாடல் எண் தெரிந்தால்தான் அதற்குரிய அளவுகளைக் கோப்பில் எழுத முடியும். எண் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். அக்கா புது மானிட்டருக்குப் பூஜை போட்டிருந்தார். முன்னால் வைத்தால் எழுத்தை மறைக்கும் என்று சந்தனத்தையும் குங்குமத்தையும் பின்னால், சரியாக அந்த ஸ்டிக்கர் மேல் அப்பியிருந்தார். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போயிற்று. கூடவே எண்ணும்.

"சாமிக்கு வெச்சதத் தொடச்சா வேற இன்னா ஆவும்?"

நாலுக்கு மூன்று

மூன்று மணி நேரம். ஏழு முறை கறுப்புத் திரை. கடைசியில் 1024-க்கு 768 மட்டும் வந்தது; பழைய குட்டைத் திரைகளின் நாலுக்கு மூன்று விகிதம். அகலத் திரையில் அது எல்லாவற்றையும் பக்கவாட்டில் இழுத்துக் காட்டியது. மாலைக்குள் வினாத்தாள் பென் டிரைவில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். திரைதான் பொய் சொல்கிறது, தாளில் சரியாகவே வரும் என்று அரை மணி நேரம் விகிதக் கணக்கோடு விளக்கினேன். அக்கா திரையில் இருந்த தன் மகனின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒல்லிப் பையன், நல்லா சாப்ட்ட மாதிரி கீறான். இப்டியே இருக்கட்டும்."

எட்டாம் வகுப்புக் கணக்கு

தேர்வு அறையில் வினாத்தாள் கட்டைப் பிரித்த பிறகுதான் பள்ளியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. நான் கடைக்கு ஓடினேன். 'படத்தில் உள்ள வட்டத்தின் ஆரத்தை அளந்து எழுதுக' என்ற கேள்விக்கு மேலே, நிற்க வைத்த முட்டை ஒன்று அச்சாகியிருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ போனப்புறம் பாத்தா வட்டம் சப்பையா இருந்துச்சி தம்பி. நான்தான் கஷ்டப்பட்டு ரவுண்டாக்கினேன்."

அந்தக் கேள்விக்கு எல்லா மாணவர்களுக்கும் முழு மதிப்பெண் போட்டார்கள்; அரையாண்டு வினாத்தாள் தாம்பரத்தில் வேறொரு கடைக்குப் போயிற்று.