நூல் அறுத்த காசு

2023 ஜூன் 18 – ரூ. 18,000
2023 ஜூலை 2 – ரூ. 18,000
2023 ஜூலை 30 – ரூ. 22,000

வேணுகோபால் ஒரே காசை மூன்று பேருக்கு விற்ற விவரம் இது. காசு மாணிக்கவாசகத்துடையது.

நெசவாளர் சங்கத்தில் முப்பத்தாறு ஆண்டு பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். சைகோனுக்குப் பிழைக்கப் போன தாத்தா கொண்டுவந்த, சதுரத் துளையிட்ட காசு அது. மதிப்புத் தெரியாமல், வீட்டுத் தறியில் கரை நூல் தளராதிருக்க எடையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்த பெயர் வியட்நாமின் ஹாம் ஙி அரசருடையது என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டமேறி ஓராண்டுகூட நிறையாமல், 1885இல் பிரெஞ்சுப் படைக்குத் தப்பி மலைக்கு ஓடியவர். அவர் பெயரில் வார்த்த காசு கொஞ்சம்தான்.

மாணிக்கவாசகம் நாணயச் சங்க இதழில் கட்டுரை எழுதினார். விட்டம் 23.1 மில்லிமீட்டர் என்று நோட்டில் குறித்திருந்தார். கட்டுரையிலோ, தறிமேலிருந்த பெருமையில், துளையின் மூலையில் பட்டுநூல் அறுத்த தடத்தை மட்டும் எழுதினார்: “இத்தடமே இக்காசின் அடையாளம்.”

ஜூன் 12 அன்று பழம்பொருள் கடை வேணுகோபால் வந்தான்.

“ஒரு நாள் குடுண்ணா. போட்டோ எடுத்துக்கினு வந்துடறேன்.”

ஐம்பதாம் நாள்தான் காசு திரும்பியது. அளந்தார். 22.6. அச்செடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். நூல் தடம் மட்டும் அச்சு அசலாக இருந்தது. நேரே கடைக்குப் போனார்.

“எத்தினி வார்த்தே?”

“மூணுதான்ணா. எல்லாத்துலயும் உன் தறிக் கோடு இருக்குது. உன் கட்டுரைய ஜெராக்ஸ் எடுத்து கூடவே குடுத்தேன். சர்டிபிகேட்டாச்சே!”

“அசல் யாராண்ட இருக்குது?”

“கலந்துபூட்ச்சுண்ணா. சத்தியமா எனக்கே தெரியாது.” சிரித்தான். வெற்றிலைக் காவி படிந்த அந்தப் பல்லைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வாங்கியவர்களின் விலாசத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“போலீசாண்ட போயேன்யா” என்றாள் மனைவி தையல்நாயகி.

“போயி? அவனுக்கு சாட்சியே என் எழுத்துதான்மா.”

மூவருக்கும் நடந்ததைச் சொல்லி, விட்டத்தை அளக்கும்படி எழுதினார். 23.1 இருந்தால் அது தம் வீட்டுக் காசு, கொடுத்த பணத்தைத் தாமே தந்து மீட்டுக்கொள்வதாகவும் எழுதினார். முதல் இருவரும் 22.6 என்றார்கள். ஒருவர், “உங்கள் கட்டுரையை நம்பித்தான் ஏமாந்தேன்” என்றும் சேர்த்திருந்தார்.

மூன்றாமவர் எழுதியது நான்கே வரி: “23.1 இருக்கிறது. என்னுடையதே அசல் என்று கைப்பட எழுதித் தந்ததற்கு நன்றி. தங்கள் கடிதத்தைக் காசோடு வைத்திருக்கிறேன், விலை கூடும். திருப்பித் தருவதாக இல்லை.”

பதிவேட்டுப் பழக்கத்தில் அந்தக் கடிதத்தின் ஓரத்தில் குறித்தார்: “வந்து சேர்ந்த தேதி: 2023 அக்டோபர் 11.”